நைட்டி போட்ட சிப்பாய்கள்

எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் "பொண்ணு இன்னா வேல பாக்குது?" என்று கேட்டால், அப்பா மின்விசிறியின் வேகத்தைக் கூட்டுகிற சாக்கில் எழுந்து போய்விடுவார். அம்மாதான் பதில் சொல்வாள்.

"மிலிட்டரிக்குத் துணி போடுது."

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கேட்டவர்கள் உடனே நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, மிலிட்டரி கேண்டீனில் குக்கர் சல்லிசாகக் கிடைக்குமாமே, பாப்பா சொன்னால் ஒன்று வாங்கலாமா என்று ஆரம்பிப்பார்கள். நான் வேண்டுமென்றே குக்கர் வாங்கித் தரவில்லை என்று என் பெரியம்மா ஒருத்தி இன்றுவரை நம்புகிறாள். என் கல்யாணத்திலும் அந்த வருத்தத்தோடுதான் இரண்டாம் முறை பாயசம் வாங்கினாள். நான் துணி போட்ட சிப்பாய்களுக்கு வயிறே கிடையாது, கேண்டீனுக்கு எங்கே போவது? அவர்கள் கம்ப்யூட்டர் விளையாட்டில் வருகிறவர்கள்.

இது நடந்தது 2006-இல். நான் பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டுத் திண்டிவனத்தில் வீட்டோடு இருந்தேன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் ஒரே ஒரு வேலைதான் உண்டு, அது வாத்தியார் வேலை. எங்கள் தெரு நாய் எழுந்து நின்று பேசியிருந்தால் அதற்கும் பி.எட். சொல்லியிருப்பார். எனக்கோ பிள்ளைகளைக் கண்டால் ஆகாது. நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் "டீச்சர், இவன் அடிக்கிறான்" என்று கத்துவதை நினைத்தாலே மண்டை இடிக்கும். பதிலுக்கு நானும் அடித்துவிடுவேன் என்ற பயமும் இருந்தது.

அப்பா கேட்கிற ஆள் இல்லை. பி.எட். விண்ணப்பத்தை வாங்கிவந்து, தன்னுடைய குண்டு குண்டான எழுத்தில் என் பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாவற்றையும் தானே நிரப்பினார். 'ஆசிரியர் பணியில் ஆர்வம் ஏன்?' என்ற கேள்விக்கு எனக்காக ஆறு வரி எழுதினார். கையெழுத்துக்கு உரிய கட்டத்தை மட்டும் விட்டுவைத்து, ஃபிரிட்ஜுக்கு மேல் மாதா சுரூபத்தின் காலடியில் வைத்தார். மாதாவையே எனக்கு எதிராகத் திருப்பிவிட்டார் என்று நினைத்தேன்.

நான் அதற்குள் விழுப்புரத்தில் ஒரு பேனர் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஜங்ஷனுக்குப் பின்னால், டயர் கடைக்கு மாடியில் இரண்டு அறை. தினமும் காலையில் பஸ் பிடித்து ஒரு மணி நேரம் போய், சாயங்காலம் திரும்புவேன். அந்த வேலையை எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். காலையில் கண் விழிக்கும்போதே அன்றைக்கு எந்தப் பச்சையில் எவ்வளவு பழுப்பு கலக்கலாம் என்று யோசனை ஓடும். அதற்கு முன் எனக்கு எதைப் பற்றியும் அப்படி யோசனை ஓடியதில்லை.

அப்பாவிடம் சண்டை போட்டுப் பார்த்தேன், இரண்டு வேளை சாப்பிடாமல் பார்த்தேன். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்.

"ஃபாரத்துக்குக் கடைசி தேதி சனிக்கிழமை மத்தியானம். அடுத்த மாசம் பதினஞ்சு. அதுக்குள்ள உன் மிலிட்டரித் துணி ஆர்டர் பாஸ் ஆயிடுச்சுன்னா நான் வாயே தொறக்க மாட்டேன். ஆகலைன்னா நீ கையெழுத்துப் போடணும்."

சரி என்றேன். பாஸ் ஆகாமல் எங்கே போய்விடும் என்று நினைத்தேன். எங்கள் சாரைப் பற்றி அப்போது எனக்கு முழுசாகத் தெரியாது.

சார் என்பது கடை முதலாளி. இருபது வருடம் பேனர் போட்டவர். மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, வருக வருக, எல்லாம் அவர் கைதான். சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்த அவருடைய மச்சான் மூலமாக இந்த வேலை வந்தது. ஏதோ வெளிநாட்டு விளையாட்டில் காட்டுக்குள் சண்டை போடும் நாற்பது சிப்பாய்களுக்கு உடுப்பு வேண்டும். உடுப்பு என்றால் மிலிட்டரி டிசைன், அதாவது செடி கொடிக்குள் நின்றால் ஆள் தெரியக் கூடாது. இருபது வருடமாக எதிர்ச்சாரியில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் ஆள் தெரிய வேண்டும் என்றே வேலை செய்த மனிதரிடம் போய் இதைக் கொடுத்தார்கள்.

எங்களோடு மூன்றாவதாக ஒரு அண்ணன் இருந்தார். செஞ்சிக்குப் போகும் வழியில் வல்லம் பக்கத்துக் கிராமம், பரம்பரை சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்கு முன்னால் சாப்பிட்டு முடித்துவிடுவார், எறும்பு போனால் காலைத் தூக்கி நிற்பார். சிப்பாய்களின் உடம்பைக் கம்ப்யூட்டரில் செய்வது அவர் வேலை. செய்து முடித்ததும் உரித்த ஆரஞ்சுத் தோல் மாதிரி அந்த உடம்பைத் தட்டையாக விரித்துக் கொடுப்பார். முதுகு ஒரு பக்கம், கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகக் கிடக்கும் அதன்மேல் நான் துணியை வரைய வேண்டும். அது மறுபடியும் உடம்பில் ஏறிக்கொள்ளும்.

"ஏன்ணா, எறும்ப மிதிக்க மாட்டேங்கிறீங்க. சண்டைக்குப் போற ஆளச் செய்றீங்களே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்லா மறைச்சு அனுப்புனா அவன யாரும் சுட மாட்டாங்கம்மா. நாம உயிரக் காப்பாத்துற வேல பண்ணிக்கினு இருக்கோம்" என்றார். இவ்வளவு தெளிவான காரணம் எனக்குக்கூட இருந்ததில்லை.

முதல் மாதிரியை நான் வரைந்தேன், சார் கடைசியாக ஒரு கை பார்த்தார். பழக்கதோஷம். சிப்பாயைச் சுற்றி வெள்ளைக் கோடு இழுத்து, பின்னால் நிழல் கொடுத்து, முகத்தைப் பளிச்சென்று வெளுப்பாக்கி அனுப்பிவிட்டார். சிப்பாய் காட்டுக்குள் நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர் மாதிரி நின்றார். இவர் முகம் ஏன் ஒளிவீசுகிறது என்று அங்கிருந்து கேட்டு எழுதினார்கள்.

அடுத்தடுத்து அனுப்பியவற்றுக்கெல்லாம் ஒரே பதில்தான் வந்தது, 'இன்னும் தெரிகிறார்.' நான் பச்சையை மாற்றினேன், பழுப்பைச் சேர்த்தேன், கறுப்பைக் குறைத்தேன். இன்னும் தெரிகிறார். ஏழாவது முறை சாருக்குப் பொறுமை போய்விட்டது. நான் மதியச் சாப்பாட்டுக்குக் கீழே போயிருந்தபோது சிப்பாயை அப்படியே அழித்துவிட்டு, வெறும் காட்டை மட்டும் அனுப்பிவிட்டார். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது, 'சிப்பாய் எங்கே?'

சார் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினார். "பாத்தியாம்மா! தெரியலியாம்!"

"சார், ஆளே இல்ல சார்."

"அவனுக்கு அது தெரியாதுல்ல?"

அண்ணன் டப்பாவைத் திறந்து பாதிச் சாப்பாட்டில் இருந்தார். "ஒரு விதத்துல அவன இனிமே சுடவே முடியாது" என்று சாந்தமாகச் சொன்னார். சென்னை மச்சான் போனில் கத்திய கத்து டயர் கடைவரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகுதான் சாருக்கு நேரடிச் சோதனை என்ற யோசனை வந்தது. என் டிசைனைப் பேனர் ஷீட்டிலேயே பெரிதாக அடித்து, சட்டை மாதிரி வெட்டி, ஓரத்தில் வளையம் அடித்துக் கயிறு கோத்தார். அதை அண்ணனுக்கு மாட்டி, கோலியனூர் பக்கம் ஒரு வயலுக்கு அழைத்துப்போனோம். போய்ப் பார்த்தால் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்தார்கள். மல்லாட்டைச் செடி முழங்காலுக்குக்கூட வராது. அண்ணன் படுத்தால்தான் மறைவார். படுப்பதற்கு எறும்பு இல்லாத இடம் தேடினார். அந்த வயலில் அப்படி ஓர் இடம் இல்லை.

ஆகவே நின்றார். வெயிலில் பேனர் சட்டை பளபளத்தது, நடந்தால் அப்பளம் மாதிரி நொறுங்கிச் சத்தம் போட்டது. வரப்பில் போன ஒருவர் நின்று பார்த்தார். பிறகு இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் சுமார் இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள். ரோடு போட நிலம் அளக்க வந்திருக்கிறார்கள் என்று எவனோ கிளப்பிவிட, ஒரு அம்மா களைக்கொத்தோடு ஓடிவந்தாள்.

"இன்னாத்துக்குய்யா இங்க வந்து நிக்கிற?"

"நான் தெரியிறேனான்னு பாக்கிறோம்மா" என்றார் அண்ணன். அவர் பொய் சொல்ல மாட்டார்.

"ஏன், உனுக்குக் கண்ணாடி இல்லியா ஊட்ல?"

முகத்தில் ஈயாடாமல் மூன்று பேரும் பஸ் ஏறினோம். சட்டையை அந்த அம்மாவே காக்கா விரட்டக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது அது ஒரு கம்பில் மாட்டியிருந்தது. தோளில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது.

கடைசி தேதிக்கு இரண்டு வாரம் இருந்தது. நான் அழுகிற நிலைக்கு வந்திருந்தேன். எனக்கு அழுகை கோபமாகத்தான் வெளியே வரும். அன்று சாயங்காலம் செருப்பை உதறிவிட்டு, "அம்மா! அம்மா!" என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் போனேன். பதில் இல்லை. அடுப்படியில் இல்லை, அறையில் இல்லை. தோட்டத்துக்கு வந்தேன். எலுமிச்சை, கறிவேப்பிலை, மூலையில் செங்கல் அடுக்கு, அதன் மேல் பாசி. யாரும் இல்லை. அங்கேயே நின்று, காது கிழிகிற மாதிரி மறுபடியும் "அம்மா!" என்றேன்.

நான்கடி தள்ளி, செங்கல் அடுக்கு அசைந்தது.

"ஆமென். இன்னாடி? ஜெபமால சொல்லிக்கினு இருக்கிறவள எதுக்கு அலறி அலறிக் கூப்புடுற? பத்து மணியும் உருட்டி முடிக்காம எப்பிடிடி பதில் சொல்றது? கண்ணு இன்னா பொடரியிலயா இருக்குது?"

அம்மா அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். அவள் உடம்பில் அந்தப் பழைய நைட்டி. பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கியது. வாங்கும்போது கரும்பச்சையில் பழுப்பு ரோஜாப்பூ. நாலைந்து வருடச் சலவைச் சோடாவிலும் வெயிலிலும் ரோஜாக்கள் கரைந்து திட்டுத்திட்டாக ஆகியிருந்தன. இடுப்பருகே பிளீச்சிங் பவுடர் தெறித்த வெளுப்பு, மடியில் துவைத்தும் போகாத மஞ்சள், ஓரமெல்லாம் மீன் குழம்பு. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, நான் கோலியனூர்வரை போய் அவமானப்பட்டு வந்திருக்கிறேன்.

"இன்னாடி அப்பிடிப் பாக்குற?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. நைட்டி நல்லா இருக்குது."

அவள் என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

மறுநாள் காலையில் கொடியிலிருந்து அதைத் திருடிக்கொண்டு விழுப்புரம் போனேன். ஸ்கேனரில் தட்டையாக வைக்க வரவில்லை என்பதால் பக்கவாட்டுத் தையலைப் பிரித்தேன். மடிப் பகுதியை மட்டும், ஸ்கேனர் அளவுக்கு, ஒரு தாள் அகலத்துக்கு எடுத்து ஒரு சிப்பாய்க்குப் போட்டு அனுப்பினேன். சாயங்காலமே நைட்டியைக் கொடியில் பழைய இடத்தில் மாட்டிவிட்டேன். தையலைத் திரும்பப் போட மறந்துபோனேன்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. 'கடைசியில் உங்கள் ஓவியர் உண்மையான காட்டுக்குள் போயிருக்கிறார். எந்தக் காடு என்று சொல்ல முடியுமா?' சார் யோசிக்கவே இல்லை. திண்டிவனம் என்று எழுதி அனுப்பினார். ஊர் பேரிலேயே வனம் இருக்கிறதே, பொய் இல்லையே என்று அண்ணனிடம் நியாயமும் சொல்லிக்கொண்டார்.

ஆனால் அது மாதிரிக்குத்தான் சம்மதம். நாற்பது பேருக்கும் போட ஒரு தாள் அகலம் போதாது. திரும்பத் திரும்ப ஒட்டினால் கோலம் போட்ட மாதிரி ஒரே கறை வரிசையாக நின்றது, பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது. முழுத் துணியும், நாலு மடங்கு பெரிதாக, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார்கள். பாஸா இல்லையா என்பதைத் திங்கட்கிழமை சொல்வார்களாம். அப்பாவின் சனிக்கிழமை நடுவில் கிடந்தது. இரண்டு நாள் வித்தியாசத்தில் நான் டீச்சராகப் போகிறேன் என்பது புரிந்தது. ஆனாலும் முதலில் நைட்டியைப் பிடிப்போம் என்று புதன்கிழமை வீட்டுக்கு ஓடினேன்.

கொடியில் நைட்டி இல்லை.

"தையல் விட்டுப்போச்சுடி. இனிமே அது தாங்காதுன்னு கிழிச்சிட்டேன்" என்றாள் அம்மா.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை எங்கள் வீட்டு நைட்டிகளுக்குத்தான் பொருந்தும். ஒரு துண்டு சூடான சட்டியை இறக்கும் பிடிதுணியாகியிருந்தது. ஒரு துண்டு தண்ணீர்க் குழாயின் வாயில் வடிகட்டக் கட்டியிருந்தது. ஒரு துண்டு பக்கத்து வீட்டு அக்காவின் ஊறுகாய் ஜாடிமேல். ஒரு துண்டு, பெரியது, முதுகுப் பகுதி, அப்பாவின் மொபெட் சீட்டுக்கு அடியில். உண்மையைச் சொல்லாமல் இனி ஒன்றும் நடக்காது. அடுப்படியில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என் நைட்டியவா? எத்தினி பேரு பாத்தாங்க?"

"கடையில ரெண்டு பேரு. அப்பறம் வெளிநாட்டுல ஒரு நாலஞ்சு பேரு."

"ஆம்பளைங்களா?"

நான் பிடிதுணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். அம்மா அன்று என்னோடு பேசவில்லை. குழம்பை மட்டும் தள்ளி வைத்தாள். எனக்குக் குற்ற உணர்ச்சியும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஒரு கந்தலுக்கு இவ்வளவா என்றும் இருந்தது, அது அவளுடைய கந்தல் என்றும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் நான் கிளம்பும்போது அம்மா நல்ல புடவை கட்டி, தலை வாரி, கையில் மஞ்சள் பையோடு வாசலில் நின்றாள். பைக்குள் நைட்டித் துண்டுகள், துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்திருந்தன. துவைத்துவிட்டாளே என்று ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எனக்கு வேண்டியதே அந்தக் கறைதான்.

"கறை எங்கியும் போவாது. அஞ்சு வருசமா நான் தேய்க்காத தேய்ப்பா?" என்றாள். "நட. என் துணிய நான் பக்கத்துல இல்லாம எவனும் பாக்கக் கூடாது."

தெருமுனை திரும்பும்போது உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "என் வண்டித் துணி எங்க?"

கடைக்குள் அம்மா நுழைந்ததும் சார் எழுந்து நின்றார். நாற்காலி போட்டு, குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னார். அம்மா கலரைத் தொடவில்லை. ஒவ்வொரு துண்டாக எடுத்து அவளே ஸ்கேனரில் வைத்தாள், ஓரம் மடங்காமல் நீவிவிட்டாள். நான் அவற்றைக் கம்ப்யூட்டருக்குள் ஒட்டித் தைத்தேன். மத்தியானத்துக்குள் அந்த நைட்டி முழுசாக, கிழியாமல், தையல் தெரியாமல் திரையில் இருந்தது. வாங்கிய அன்றுகூட அது அவ்வளவு நன்றாக இருந்திருக்காது. அண்ணன் அதை ஒரு சிப்பாய்க்கு மாட்டி மெதுவாகச் சுற்றிக் காட்டினார்.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது இவனுக்கு" என்றாள். பிறகு, "துண்டு எங்க?"

"எந்தத் துண்டும்மா?" என்றார் சார்.

"நைட்டி போட்டுக்கினு துண்டு இல்லாமியா வெளிய போவான்?"

எங்கள் பக்கத்தில் அது சட்டம். நைட்டியோடு வாசலில் கீரை வாங்கப் போனாலும் தோளில் ஒரு துண்டு இருக்க வேண்டும். துண்டு போட்டால் நைட்டி மரியாதையான உடுப்பாகிவிடும், போடாவிட்டால் தெருவே பேசும். நாற்பது ஆம்பளைகள் துண்டு இல்லாமல் காட்டுக்குப் போவதை அம்மாவால் தாங்க முடியவில்லை. சார் பெரிய மனுஷிகளை எதிர்த்துப் பேசிப் பழகாதவர். அவர் தன் தோளில் கிடந்த பச்சைக் காசித்துண்டை எடுத்து ஸ்கேனரில் வைத்தார். அண்ணன் ஒவ்வொரு சிப்பாயின் தோளிலும் துண்டு செய்து போட்டார்.

நான் பையை மடித்து அம்மாவிடம் கொடுக்கப்போனேன். அடியில் இன்னும் ஏதோ இருந்தது. எடுத்துப் பார்த்தால் பி.எட். ஃபாரம். அப்பாவின் குண்டு எழுத்து, கையெழுத்துக் கட்டம் காலி.

"இது எதுக்கும்மா எடுத்தாந்த?"

"நீ இன்னா வேல பாக்குற?"

"டிசைன்…"

"மறைக்கிற வேலதானே? இத மறை."

அம்மா என்னைப் பார்க்காமல் பையை உதறினாள். "டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவ நானு. எனக்கு இன்டர்வியூ கார்டு வந்துச்சு. எங்கப்பா உத்தரத்துல சொருவி வெச்சிட்டு, தேதி போனப்புறம் எடுத்துக் குடுத்தாரு. ரெண்டு நாளுக்கு ஒரு பேப்பரு காணாமப் போச்சுன்னா இன்னா ஆவும்னு எனுக்குத் தெரியும்."

அவளுக்கு டைப்ரைட்டிங் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இருபத்தோரு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. சார் இருந்தார், அதனால் செய்யவில்லை.

ஃபாரத்தை ஸ்கேன் செய்தேன். சிப்பாயின் முதுகுப் பையில் வரைபடம் வைக்கும் கண்ணாடி உறை ஒன்று வெறுமையாக இருந்தது. அதற்குள் ஃபாரத்தை வைத்து, கொஞ்சம் மங்கலாக்கி, மேலே சேறு தெளித்தேன். நாற்பது பேர் முதுகிலும் ஏறிக்கொண்டது. அசல் தாளைச் சார் தன் பழைய பேனர் ஷீட் சுருள் ஒன்றுக்குள் விட்டார்.

"என்னைய யாராச்சும் கேட்டா உண்மையச் சொல்லிடுவேன்" என்றார் அண்ணன். "ஆனா என்னைய யாரும் கேக்க மாட்டாங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா தேட ஆரம்பித்தார். மாதா சுரூபத்தைத் தூக்கிப் பார்த்தார். ஃபிரிட்ஜை நகர்த்தினார், பிறகு திறந்தும் பார்த்தார். அம்மா தோளில் துண்டோடு கூடவே தேடினாள், "பீரோக்குப் பின்னால பாத்தீங்களா? போன வருசப் பேப்பர் கட்டுல பாத்தீங்களா?" என்று புதுப்புது இடமாக எடுத்துக் கொடுத்தாள். கடைசியில் அப்பா காணாமல்போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் அந்தோனியாரிடம் போனார். ஃபாரம் கிடைத்தால் கோயிலுக்கு மகள் உயரத்துக்கு மெழுகுவர்த்தி வைக்கிறேன் என்று முழங்காலிட்டு வேண்டிக்கொண்டார். அம்மாவும் பக்கத்தில் முழங்காலிட்டாள். அவள் அந்தோனியாரிடம் என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டேன்.

"அவரு கேக்கிறதக் குடுங்க, ஆனா அவசரம் இல்லன்னு சொன்னேன்" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் கடந்தது. அப்பா மொபெட்டைத் துடைக்கப் போய், துணி இல்லாமல் தன் கைக்குட்டையாலேயே துடைத்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு நிமிடம் சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது. சொல்லவில்லை.

திங்கட்கிழமை நாற்பதும் பாஸ். தோள் துணி மிகச் சிறப்பு, இது உள்ளூர்ப் படைகளின் மரபா என்று கேட்டிருந்தார்கள். சார் ஆமாம் என்று எழுதினார். ஒப்பந்தப்படி பாஸ் ஆக வேண்டிய நாள் சனிக்கிழமை என்று அப்பா சொல்லியிருக்கலாம். ஃபாரத்தைத் தொலைத்தவர் தான்தான் என்று அவர் நம்பியதால் ஒன்றும் சொல்லவில்லை. நான் பத்து வருடம் அந்த வேலையிலேயே இருந்தேன்.

கதை அதோடு முடிந்திருக்கும். 2012-இல், கல்யாணமாகிச் சென்னையில் இருந்த நான் ஈஸ்டருக்கு வீட்டுக்கு வந்தபோது லேப்டாப்பில் அந்த விளையாட்டைக் கொண்டுவந்தேன். அப்பா ஓய்வு பெற்றிருந்தார், பொழுது போகாமல் செய்தித்தாளில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். பெண் என்னதான் செய்கிறாள் என்று பார்க்கலாமே என்று அவரே கேட்டார். உட்காரவைத்து, எந்தப் பட்டனை அழுத்தினால் நடக்கலாம் என்று காட்டினேன். முன்னால் ஒரு சிப்பாய் போவான், அவன் பின்னாலேயே போனால் போதும் என்றேன்.

அவன் காட்டுக்குள் நுழைந்தான். அப்பா நின்றுவிட்டார்.

"யாருமே இல்லியேம்மா."

"இருக்கான்பா. பாருங்க."

"எங்க? வெறும் செடிதான் தெரியுது."

அடுப்படியிலிருந்து வந்த அம்மா ஈரக் கையை நீட்டித் திரையைத் தொட்டாள். "தோ, அந்த மரத்துக்கிட்ட. என் நைட்டி எனக்குத் தெரியாதா?"

அப்பா அவள் கை காட்டிய இடத்துக்கு நடந்தார். அம்மா "இன்னும், இன்னும், இந்தப் பக்கம்" என்று வழி சொன்னாள். அவர் நிறுத்தத் தெரியாமல் அழுத்திக்கொண்டே போய்ச் சிப்பாயின் முதுகில் முட்டிக்கொண்டார். முதுகுப் பை திரை முழுக்க நிறைந்தது. எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது, கை நீட்டுவதற்குள் அப்பா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கியிருந்தார்.

வாத்தியார் கண் அது. பேப்பர் என்று ஒன்றைக் கண்டால் படிக்காமல் விடாது. சேற்றுக்கு நடுவில் இருந்த அந்தக் குண்டு எழுத்தை மெதுவாக, உதட்டை அசைத்துப் படித்தார். ஆசிரியர் பணியில் எனக்கு ஏன் ஆர்வம் என்று அவர் எழுதிய ஆறு வரியையும் படித்தார். கீழே வந்து காலிக் கட்டத்தில் நின்றார். அம்மா துண்டின் முனையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் அவர் கத்துவதற்காகக் காத்திருந்தேன்.

அவர் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தார். அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அந்தோனியார் கைவிடல" என்றார். "லேட்டு. ஆனா கைவிடல."

எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடியும் என் முன்னால் வந்து நின்றார்.

"நில்லு நேரா. உன் உயரம் எத்தினி அடி?"

"எதுக்குப்பா?"

"மெழுகுவத்தி வாங்கணும்" என்றார்.